ஜீயபுரத்துத் துட்டு

ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் உதவாது. சென்ற மாசியில் ஒரு வியாழக்கிழமை நான் போனது ஒரு செப்புக் காசைக் காட்ட.

காரணம், என் மனைவியின் தம்பி செல்வராசு. ஜீயபுரத்தில் ஒன்றரை ஏக்கர் பூவன் வாழை வைத்திருக்கிறான். வெள்ளத்து வண்டலில் புதைந்துபோன தண்ணீர்க் குழாயைத் தேட மன்னார்புரத்திலிருந்து ஒரு பழைய பட்டாளத்துக்காரரை வரவழைத்தான். அவரிடம் ஏலத்தில் எடுத்த, கண்ணிவெடி தேடும் கருவி ஒன்று இருக்கிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கீச்சிடும். கீச்சிட்ட இடத்தில், முழங்கை ஆழத்தில், குழாய்க்குப் பதில் காசு வந்தது. (பட்டாளத்துக்காரர் பத்தடி தள்ளி நின்றுகொண்டுதான் தோண்டச் சொன்னாராம்.)

விருந்துக்குப் போயிருந்த என் கையில் அதைத் திணித்தான். "மாமா, இது என்னன்னு விசாரிச்சுட்டு வாங்க. தார் வெட்ட இன்னும் இருபது நாள் இருக்கு. புதையல்னு ஒரு பேச்சு கிளம்பிச்சு, ஊரே மம்புட்டியோட வந்து தோட்டத்தை அழிச்சுரும். வாயைத் திறந்துடாதீங்க."

"என்னைப் போய் இப்படிச் சொல்றியே மாப்ள!"

"உங்களைத்தான் மாமா சொல்றேன்."

காலை 7.10 பஸ். ஜீயபுரத்திலிருந்து மெயின்கார்டு கேட் எட்டு மைல், டிக்கெட் முப்பத்தைந்து நயா பைசா. காசை மூக்குப்பொடி டப்பாவில் போட்டு இடுப்பில் செருகியிருந்தேன். பயத்தில் நிமிடத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

"இடுப்புல என்னங்க, கட்டியா?" என்றார் கண்டக்டர்.

ஆமாம் என்றிருக்கலாம். வியாதிக்காரன் என்று நினைத்துவிடுவாரே! "அதெல்லாம் இல்லீங்க, பழைய காசு, மச்சான் தோட்டத்துல..." என்று ஆரம்பித்தவன், முத்தரசநல்லூர் வருவதற்குள் முழுவதையும் சொல்லி முடித்தேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். சொல்லமாட்டோம் என்று பின் சீட்டில் நான்கு தலைகள் ஆடின.

மெயின்கார்டு கேட்டிலிருந்து ஸ்ரீரங்கம் டவுன் பஸ், மூன்று மைல், பத்து நயா பைசா. பாலத்தின் மேல் போகும்போது டப்பாவைக் காவிரியில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். உத்திர வீதியில் சம்பத் ஐயங்கார் இருக்கிறார். எங்கள் ஆபீஸ் மானேஜரின் மாமனார், கோயில் கைங்கரியக் குடும்பம். காசை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஓய், தெரியலையா உமக்கு? நடுவிலே திருமண். இந்தண்டை சக்கரம், அந்தண்டை சங்கு. பின்னாலே கிரீடத்தோட நரசிம்மன்!"

பின்பக்கம் ஒரு சிங்கம் இரண்டு காலில் நின்றது உண்மைதான். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? "நாமத்துக்கு அடியிலே பாதத்தைக் காணோமே, ஸ்வாமி?"

"தேய்ஞ்சிருக்கும்!" முகம் சிவந்துவிட்டது. "அங்கே பூமிக்குள்ளே பெருமாள் எழுந்தருளியிருக்கார். தோண்டியே ஆகணும். சனிக்கிழமை நானே நாலு பேரோட வரேன்."

புளியோதரை கொடுத்தார். ஒன்றரை ஏக்கர் வாழையும் கண்முன் சாய்ந்துகொண்டிருந்தது.

மெயின்கார்டு கேட்டுக்குத் திரும்பி, ஒரு நகைக்கடையில் விசாரித்ததில், உறையூரில் பழங்காசு சேர்க்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரைச் சொன்னார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தே போனேன். அவர் காசைத் தண்ணீரில் நனைத்து, பஞ்சால் ஒற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"நீங்க என்ன வேலை?"

"குமாஸ்தாங்க. இருபத்திரண்டு வருஷமா இங்கிலீஷ்ல கடுதாசி எழுதறேன்."

"அப்ப இதைப் படிங்க. நடுவுல பெரிய வி. ஒரு கால்ல ஓ, இன்னொரு கால்ல சி."

படித்தேன். நாமமும் சக்கரமும் சங்கும் எழுத்துகளாகிப் போயின.

"டச்சுக்காரன் வியாபாரக் கம்பெனி முத்திரை. சிங்கமும் அவன் ஊர்ச் சிங்கந்தான். இந்தக் காசுக்கு டொய்ட்டுன்னு பேரு. நம்மாளுங்க வாயில துட்டு. கைமாறி வந்து விழுந்திருக்கு. புதையலும் இல்ல, கோயிலும் இல்ல."

3.40 பஸ்ஸில் ஜீயபுரம் திரும்பினேன். தோட்டத்து வரப்பிலேயே கற்பூர வாசனை. கண்டக்டர் அதற்குள் மூன்று நடை போய் வந்திருந்தார். இருபது பேர், ஐந்து மண்வெட்டி. மூன்று வாழை தாரோடு சாய்ந்து கிடந்தன. செல்வராசு கைகளை விரித்து மறித்துக்கொண்டிருந்தான்.

"மாமா! என்னன்னு சொன்னாங்க? சொல்லித் தொலைங்க!"

எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கத்தினேன். "கோயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல! அது துட்டு! வெறும் துட்டுதான்!"

மண்வெட்டிகள் நின்றன.

"துட்டா?" என்றார் ஒரு பெரியவர். "அடேய், உள்ள துட்டு இருக்காம்டா!"

ஐந்து மண்வெட்டியும் ஒன்றாக உயர்ந்தன. நான்காவது வாழை விழுந்தது. குமாஸ்தாவுக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் நோட்டுப் புத்தகம். எடுத்தேன்.

"புதையல்னா கலெக்டர் ஆபீசுக்கு எழுதணும், சட்டம். தோண்டினவங்க பேரு, அப்பா பேரு சொல்லுங்க. பெரியவரே, மொதல்ல நீங்க."

பெரியவருக்கு மாட்டைக் கட்ட வேண்டியது ஞாபகம் வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் கற்பூரத் தட்டு மட்டும் மிச்சம்.

அன்று சாப்பாட்டில் வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்க் குழம்பு, வாழைத்தண்டுக் கூட்டு. செல்வராசுவே பரிமாறினான். "நல்லா சாப்பிடுங்க மாமா. உங்க வாய் வெட்டின தாருதானே."

சம்பத் ஐயங்காருக்கு விவரமாக எழுதிப் போட்டேன். 'பாதம் இல்லாதபோதே அடியேனுக்குச் சந்தேகம்' என்று கார்டு வந்த பிறகுதான் தூக்கம் வந்தது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது கிடைத்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். நேரே உறையூருக்குப் போங்கள். ஸ்ரீரங்கத்தைத் தரிசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வழியில், இடுப்பில் என்ன என்று கண்டக்டர் கேட்டால், கட்டி என்று சொல்லுங்கள்.