பார்க்காத கோணத்தின் நான்கு நிமிடங்கள்

"இடம் இருக்குண்ணா" என்று அன்று நான் சொல்லவில்லை. பதினோரு நாள் கழித்து, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஸ்டுடியோ முதலாளி அழைத்தார். "குணா போயிட்டான்மா. விழுப்புரத்து மண்டபத்துல, கேமரா தோள்ல இருக்கசொல்லவே வுழுந்துட்டான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

குணசேகரனை நீங்கள் மண்டபங்களில்தான் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு இடப்பக்கம், இரண்டாம் கேமராவோடு, யாரையும் மறைக்காமல் நிற்பார். எங்கள் ஸ்டுடியோவின் பின்னறையில் அந்தப் படங்களை டிவிடியாக்குவது என் வேலை. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் அதே தாலிகட்டை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம்.

"அந்த பட்டன எவன் அமுத்துறான்? பொண்ணோட மாமன் ஒர்த்தன்தான், தன் மூஞ்சி எங்கனா தெரியுதான்னு" என்பார் குணா அண்ணன்.

முதல் டிஸ்க்கில் இடக்கணக்கைத் தவறவிட்டேன். இரண்டு கோணத்தில் வரும் இருபது நிமிடத்தை இருபது என்றே எழுதியிருந்தேன். படம் டிஸ்க்கில் அடங்கவில்லை. அவர் சிரித்தார். "பாக்காத கோணமும் இடம் புடிக்கும் மேடம். இருபத நாப்பதுன்னு போடுங்க." அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு துண்டுத்தாளில் கணக்கு எழுதி வைப்பது வழக்கமாயிற்று.

நாங்கள் கடைசியாகச் செய்தது முகையூர்ப் பக்கத்துக் கல்யாணம். படம் நூறு நிமிடம். அதில் முகூர்த்தம் இருபது நிமிடம் மட்டும் இரண்டு கோணம். ஆக நூற்றிருபது நிமிடத்துக்கான இடம் வேண்டும். ஒரே டிஸ்க்கில் தாராளமாக அடங்கும்.

முகூர்த்தத்தின் நடுவே இரண்டாம் கோணம் மெல்லச் சரிந்தது. மணமக்கள் மறைந்து, பூ சிதறிய சமுக்காளமும் ஒரு நாற்காலிக் காலும் மட்டும் தெரிந்தன. நான்கு நிமிடம் அப்படியே. மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே நேரத்தை முதல் கேமராவில் ஓட்டிப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பின்னால் தூணில் சாய்ந்து, கேமரா ஒரு கையில் தொங்க, மறுகையால் மார்பை அழுத்திக்கொண்டு குணா அண்ணன் நின்றார்.

எப்போது என் நாற்காலிக்குப் பின்னால் வந்தார் என்று தெரியவில்லை.

"மேளக்காரன் இடிச்சிட்டாம்மா" என்றார்.

நான் திரும்பவில்லை.

"அந்த நாலு நிமிசத்துக்கு ஒரே கோணம் போதும். இடம் பத்தாது."

துண்டுத்தாளை எடுத்து, இரண்டு கோணத்துக்கு எதிரே இருந்த இருபதை அடித்துப் பதினாறு என்று எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி இத்த பாத்தாருன்னா கேமராவ வேற ஆள்கிட்ட குடுத்துடுவாரு. வைகாசி முச்சூடும் புக்கிங் இருக்குது. பேஜாரு பண்ணாத, ஜல்தியா வெட்டிடு."

கணக்கு இருவருக்கும் தெரியும். இடம் இருக்கிறது என்று சொன்னால் அடுத்து அவர் நெஞ்சைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பேசாமல் வெட்டினேன்.

வெட்டியபின் அந்த நான்கு நிமிடத்துக்கு முதல் கேமராவின் படம் மட்டுமே மிஞ்சியது. அதில்தான் அவர் சாய்ந்து நின்ற தூண் இருக்கிறது. அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். டிஸ்க் மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போயிற்று.

அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தத் துண்டுத்தாள் மட்டும். பதினாறு என்ற எண்ணில் கை நடுக்கம் எதுவும் இல்லை.

காரியம் முடிந்த வாரம் ஸ்டுடியோவுக்கு ஓர் அழைப்பு வந்தது. முகையூர்ப் பெண்ணின் மாமா. "எல்லாம் நல்லா இருக்குதும்மா. நடுவுல மட்டும் ஒரு நாலு நிமிசம் அந்த பட்டன் வேல செய்யல. இன்னா விசயம்?"

"இடம் பத்தலீங்க" என்றேன்.