மெயின் சுவிட்சை இறக்கிய தீபாவளி

போன வருடம் தீபாவளி. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீடு. காலை பத்து மணி இருக்கும்.

வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகன். கல்யாணமாகிச் சில மாதமே ஆன மகள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தலைத்தீபாவளிக்கு வந்திருந்த மருமகன். என் மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான். அப்புறம் அந்த மச்சான் தள்ளிக்கொண்டு வந்த ஸ்பீக்கர். அது ஆள் இல்லைதான். ஆனால் அன்றைக்கு எல்லாரையும்விட அதிகம் பேசியது அதுதான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு உயரம். கீழே சக்கரம். இரண்டு மைக். பாட்டுக்குத் தகுந்தபடி நீலமும் சிவப்புமாக விளக்கு எரியும். வால்யூம் எவ்வளவு என்று மேலே நம்பர் தெரியும். மச்சான் முப்பதில் வைத்தான். அலமாரியில் இருந்த பீங்கான் தட்டெல்லாம் ஆடியது.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. இஞ்சின் சத்தத்திலேயே காலம் போகிறது. பண்டிகை நாளில் ஃபேனுக்கு அடியில் சும்மா உட்கார வேண்டும். வேறு ஆசை இல்லை. அது நடக்கவில்லை.

மச்சான் ஒரு சட்டம் போட்டான். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட வேண்டும். ஏன் பிடிக்கும் என்று மைக்கில் சொல்லவும் வேண்டும். மகன் போட்டதை என்னால் பாட்டு என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. யாரோ யாரையோ திட்டுவது போல இருந்தது. மனைவி சாமிப் பாட்டு போட்டாள். மகன் பாதியில் மாற்றினான். அவள் கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள். யார் போன் ஸ்பீக்கரோடு சேருவது என்று சண்டை வேறு. ஒவ்வொரு தடவை சேரும்போதும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்தினாள்.

"மச்சான், உங்களுக்கு எந்தப் பாட்டு?" என்று என்னிடம் கேட்டான். அவனும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான்.

"ஃபேன் சத்தம்" என்றேன்.

"இந்த ஆளுகிட்ட கேட்டேன் பாரு!" என்று அதையும் மைக்கிலேயே சொன்னான்.

மருமகன் சோபா ஓரத்தில், இடது பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சிரித்த முகம். வந்ததிலிருந்து பேச்சு இல்லை. என் மனைவி பலகாரத் தட்டை நீட்டி, "அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே மாப்பிள்ளை, இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். தலையை ஆட்டினார். ஒரு முறுக்கு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அவர் முறை வந்தது. மச்சான் மைக்கை நீட்டினான். "எதுனாலும் பரவால்ல மாமா, நீங்களே போடுங்க" என்றார்.

"மாப்பிள்ளைக்கு நம்ம பாட்டெல்லாம் ஆகாது லா! கேஎல் காரரு!" என்றான் மச்சான். முப்பது வால்யூமில். தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். அங்கே வேறு சண்டை.

"என்னடி இது? பெத்த தாயைப் பத்திக் கேட்டாக்கூட பதில் சொல்ல மாட்டாரா? அவ்வளவு தலைக்கனமா?"

"அவரு அப்படி இல்லம்மா."

"பின்ன எப்படி? சொல்லு."

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நாங்க சாப்பாட்டுக்கு முன்னாடியே கெளம்பிடுறோம்" என்றாள்.

தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை சாப்பிடாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் மனைவி அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவாள். மகள் அடுத்த வருடம் வரமாட்டாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

அப்போதுதான் கரண்ட் டிரிப் ஆனது. ஏர்கோன், சோறு வேகும் குக்கர், மகன் குளிக்கப் போட்ட ஹீட்டர், அந்தப் பெட்டி. வீடு எவ்வளவுதான் தாங்கும்? எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

அப்பாடா என்று இருந்தது.

அடுப்படியிலிருந்து மனைவி தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. மெதுவான குரல்தான். "ஆட்டுக்கறி இன்னும் வேகலயே..."

ஹாலிலிருந்து பதில் வந்தது. "பிரஷர் குக்கர்ல மாத்தி ரெண்டு விசில் விடுங்க அத்தை. எங்க அம்மா அப்படித்தான் செய்வாங்க."

மருமகன்தான். மனைவி தலையை நீட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, இப்போதுதான் வாழ்த்துச் சொன்னால் காதில் விழும் போலிருக்கிறது என்று மலாயில் சிரித்தார். மருமகன் எழுந்து போய் அவரோடு பேசினார். ஏதோ வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மச்சான் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டான். பெட்டி கத்தியது. மருமகன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தார். வாய் மூடியது. அதே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அது என் சிரிப்பு.

எனக்கு வலது காது பாதி போய்விட்டது. வேலையில் போனது. சத்தமான இடத்தில் யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். என்னை அடக்கமானவர் என்பார்கள். மருமகனுக்குச் சின்ன வயசு, அதனால் தலைக்கனம் என்கிறார்கள்.

எழுந்து வாசல் பக்கம் போனேன். மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. இறக்கினேன்.

"மறுபடியும் டிரிப்பா! மச்சான், உங்க வீட்டு வயரு பழசு லா! வயர்மேன கூப்பிடுங்க!"

"பழசுதான்" என்றேன்.

அவன் வந்து தூக்கினான். அவன் உள்ளே போனதும் இறக்கினேன். தூக்கினான். இறக்கினேன். கடைசித் தடவை திரும்பினால் மருமகன் எனக்குப் பின்னால் நிற்கிறார். பார்த்துவிட்டார்.

நான் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கு இந்தப் பக்கம்."

அவர் தன் இடது காதைத் தொட்டார். "எனக்கு இது சுத்தமா இல்ல மாமா. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப காய்ச்சல்ல போனது. ஆள் பேசறது கேக்கும். பாட்டும் பேச்சும் சேர்ந்தா ஒண்ணும் வெளங்காது."

"சொல்லலியே."

"சொல்லிருந்தா பொண்ணு குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்பேன். இந்தப் பெட்டியத்தான் உள்ள விட்டிருக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். இது வேறு சிரிப்பு. அதற்குள் மகள் வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். "நான் சொல்லலைங்க" என்றாள் அவரிடம். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டிருக்கிறார். இவளும் சொல்லவில்லை, அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டும்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "அத்தைகிட்டயும் சொல்லிடு."

மகள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வந்தவள் என்னைத்தான் திட்டினாள். "உங்களுக்கு ஒரு காது கேக்காம நான் படுற பாடு பத்தாதா? இப்ப ரெண்டு பேரா?" என்றாள். பிறகு அவருக்கு இலை போட்டாள். வலது பக்கமாக உட்கார்ந்தாள். அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்டாள். அவர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து ஆரம்பித்தார். சோறு ஆறும்வரை சொன்னார். இந்த ஆள் இவ்வளவு பேசுவாரா என்று ஆகிவிட்டது எனக்கு.

மச்சானுக்கு விஷயத்தைச் சொன்னோம். தலையைச் சொறிந்தான். "அப்ப வயரு நல்லாத்தான் இருக்கா?" என்று கேட்டான். முதலில் அதைத்தான் கேட்டான். பிறகு சுவிட்சைத் தூக்கிவிட்டு வந்து, மருமகனின் வலது பக்கம் நின்று, "மாப்பிள்ளை, உங்க பாட்டு இன்னும் பாக்கி" என்றான். மைக் இல்லாமல்.

மருமகன் போனைச் சேர்த்தார். வால்யூமை அவரே குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு பெண் குரல், ஒரு வீணை. வேறு வாத்தியம் இல்லை. அவர் அம்மா காலையில் பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுப்பாராம். யாரும் குறுக்கே பேசவில்லை. மச்சானின் கை மட்டும் இரண்டு தடவை வால்யூம் பக்கம் போய்த் திரும்பியது. காலையிலிருந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டது அப்போதுதான்.

இந்த வருடமும் மச்சான் அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். திருந்துகிற ஆள் இல்லை. ஆனால் முன்னால் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, இதற்கு மேல் ஏற்றக்கூடாது என்று மகள் நம்பர் எழுதிவிட்டாள். யாராவது வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், இப்போதெல்லாம் நான் அவர் குணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் வால்யூம் அந்த நம்பரைத் தாண்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

பன்னிரண்டு.