ஊசியா, டீயா?

சென்ற ஆண்டு, ஆடித் தள்ளுபடிக் கூச்சலெல்லாம் அடங்கியிருந்த நேரம். பெருமாநல்லூரை அடுத்த ஒரு நிட்டிங் கம்பெனியில் நடந்தது இது. நூலைத் துணியாகப் பின்னும் வட்ட இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஓடும் பெரிய ஷெட் அது.

நான் அங்கே வேலை செய்பவள் இல்லை. திருப்பூரில் ஒரு சிறிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன். நிட்டிங் இயந்திரங்கள் எப்போது நின்றன, எதற்காக நின்றன என்று பதிவு செய்யும் பெட்டியைச் செய்து விற்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு இயந்திரத்திலும் சில பட்டன்கள் இருக்கும். நிறுத்துகிறவர் காரணத்துக்கு ஏற்ற பட்டனை அமுக்க வேண்டும். நூல் அறுந்தால் ஒன்று, ஊசி உடைந்தால் ஒன்று, டீக்குப் போனால் ஒன்று. வரிசைக்கு ஒரு பெட்டி. அதற்குள் இருக்கும் மெமரி கார்டில் எல்லாம் ஏறிவிடும். மனிதன் மறந்தாலும் பெட்டி மறக்காது என்று சொல்லித்தான் எங்கள் மேனேஜர் அதை விற்பார்.

அந்த மேனேஜர்தான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அந்தக் கம்பெனியில் ஏதோ தகராறு, போய் பெட்டி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் வண்டியை எடுத்தேன்.

விஷயம் இதுதான். ஒரு ஊசி உடைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். ஆபரேட்டர் ஊசி பட்டனை அமுக்கியிருந்தால், செக்கிங்கில் இருப்பவர்கள் அதைப் பார்த்து அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். ஒரு ரோலில் அப்படி வெட்டாமலே விட்டுவிட்டார்கள். சாயம் போட்ட பிறகு கோடு பளிச்சென்று தெரிய, துணி அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. பதிவை எடுத்துப் பார்த்தால், டீ மணி நேரத்தில் அந்த இயந்திரம் நின்றதற்குக் காரணம் 'டீ' என்று இருக்கிறது. ஊசி உடைந்ததைப் பார்த்தும் டீ குடிக்கப் போய்விட்டான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

அந்த ஆபரேட்டர் தேனிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். வார முடிவோடு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார்கள். வேலை போவதோடு முடிகிற விஷயமும் இல்லை. நிட்டிங்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஊசிக் கோட்டைப் பார்த்தும் விட்டவன் என்று பெயர் வந்துவிட்டால், அந்தப் பக்கம் எந்த ஷெட்டிலும் அவரை இயந்திரத்தின் அருகே விடமாட்டார்கள்.

"அவன் சொல்றத நம்பறதா, நீங்க குடுத்த பொட்டி சொல்றத நம்பறதா? நீங்களே சொல்லுங்க அம்மிணி" என்றார் முதலாளி.

அந்த ஆபரேட்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "ஊசியத்தான்க்கா அமுக்குனேன்."

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. திரையில் இருப்பதுதான் எனக்கு வேதம். இத்தனை வருடப் பழக்கம். ஆனால் எத்தனை முறை கேட்டாலும் அவர் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார், ஒரு சொல் கூட்டவில்லை. என் மகன் புளுகும்போது கேட்கக் கேட்கக் கதை வளரும். இவர் கதை வளரவே இல்லை. அது என்னை உறுத்தியது. பெட்டி சரி என்று சொல்லாமல், ஒரு வாரம் பொறுங்கள் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர் முறைத்தார்.

பெட்டிக்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் நாங்கள் எழுதியது இல்லை, வெளியே வாங்கியது. கார்டில் எழுதும் பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. பட்டன் செய்தி வந்ததும் அது ஓர் இடத்தில் தற்காலிகமாக உட்காரும். அங்கிருந்து கார்டுக்குப் போகும். போய் முடியும்வரை அந்த இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும்; வேறு செய்திக்குக் கொடுக்கக் கூடாது. பந்தியில் ஒருவர் சாப்பிட்டு எழுவதற்குள் அதே இலையில் அடுத்தவருக்குப் பரிமாறினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி ஆகிவிடும். இப்படி இரண்டு வேலைகள் ஒரே இடத்துக்கு முட்டிமோதி, யார் முந்துகிறாரோ அவருடையது நின்றுவிடுவதை எங்கள் தொழிலில் ரேஸ் கண்டிஷன் என்போம். எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.

ஆனால் அது கூப்பிட்டால் வருகிற ஜாதி இல்லை. அலுவலகத்தில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பட்டன் செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாக ஏறியது. உள்ளே என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கச் சில வரிகள் சேர்த்தேன்; அந்த வரிகளால் எல்லாம் கொஞ்சம் தாமதமாகி இன்னும் சமர்த்தாகிவிட்டது. விருந்தாளி வந்தால் மட்டும் கைகட்டி உட்காரும் குழந்தை போல. எரிச்சலில் அழுகையே வந்தது.

கடைசியில் மறுபடி ஷெட்டுக்கே போய்ச் சும்மா நின்றேன். டீ மணி அடித்தது. அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இயந்திரங்கள். நடுவில் நின்று, இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்குகிறார்கள். ஒருவர் இல்லை, வரிசை முழுவதும். போண்டா சூடாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டுமே! கண் மூடித் திறப்பதற்குள் ஷெட் அமைதியாகிவிட்டது. அங்கே அத்தனை கைகளும் ஒரே நொடியில் விழுகின்றன. நானோ இவ்வளவு நாளும் ஒற்றை விரலால் தட்டுவது போலச் சோதித்துக்கொண்டிருந்தேன். அந்த நெரிசலில் கார்டு திணறும்போதுதான் தப்பு நடக்க வேண்டும்.

மணி அடித்து, எல்லோரும் அமுக்கி, மறுபடி ஓட்டி, இப்படித் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, மிசின நிறுத்தி நிறுத்தி வெளையாடறதுக்கா நான் ஷெட்டு போட்டிருக்கறேன்?"

அவர் கேட்டதும் நியாயம்தான். நின்று நின்று ஓடினால் துணியில் தடம் விழும். அப்போது பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பீகார் ஆபரேட்டர் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வருகிறோம், மிச்ச நூலைப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்றார். திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். துவைப்பதும் கடைவீதிக்குப் போவதும் ஊருக்குப் போனில் பேசுவதும் அந்த ஒரு நாளில்தான். ஒன்றிரண்டு பேராவது வந்தால் சரி என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த வரிசையில் ஒருவரைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள். அந்த ஒருவரும் உடுமலைப்பேட்டையில் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார். அவருடைய இயந்திரங்களில் முதலாளியே போய் நின்றார். சீக்கிரம் முடிந்தால் சரி என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

யார் ஊசியை அமுக்குவது, யார் டீயை அமுக்குவது என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சத்தமாகப் பேசிக்கொண்டோம். மணி அடிப்பது என் வேலை. அமுக்குவார்கள், நான் பதிவைப் படிப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். மறுபடி மணி. முதலில் சிரிப்பும் கேலியுமாக இருந்தது. போகப் போகச் சிரிப்பு குறைந்தது. அந்தத் தேனிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் தன் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றிருந்தார். என் கணக்கு தப்பாக இருந்தால், இவரைக் காப்பாற்ற வந்த நானே எல்லோர் முன்னாலும் இவரைப் பொய்யராக்கிவிட்டுப் போவேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கலையலாமா என்று முதலாளி கேட்டார். கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சி மணி அடித்தேன். பதிவைப் படித்தேன். ஓர் இயந்திரத்தில், ஊசி வர வேண்டிய இடத்தில் டீ என்று இருந்தது. அதை அமுக்கியவர் முதலாளி.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "நான் ஊசியத்தானுங்க அமுக்குனேன்."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தை வேறு யார் சொன்னது என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. நேராக அந்த ஆபரேட்டரிடம் நடந்துபோய், எல்லோர் முன்னிலையிலும், "தப்பா நெனச்சுப்போட்டேன் கண்ணு. நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துரு" என்றார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பீகார்க்காரர் அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். நான் கேபிள் எடுக்கிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எங்கே தேடுவது என்று தெரிந்த பிறகு பிழையைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கார்டு மெதுவாகும்போது மட்டும், எழுதி முடிவதற்கு முன்பே அந்த இடத்தின் பூட்டு திறந்துவிடுகிறது. திருத்தி, அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களுக்கும் அனுப்பினேன். அவர்கள் ஏற்றுக்கொண்டு நன்றி எழுதினார்கள். எங்கள் மேனேஜர் இப்போது 'பெட்டி மறக்காது' என்ற அந்தப் பழைய வசனத்தைச் சொல்லிப் பெட்டி விற்பதில்லை.

நன்றாக வேலை பார்த்தாய் என்று என்னைப் பலர் பாராட்டினார்கள். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நான் அந்த மனிதரை முழுதாக நம்பியது, திரையில் அத்தாட்சி வந்த பிறகுதான். அவரோடு தினமும் நின்று வேலை செய்தவர்கள் எந்த அத்தாட்சியும் இல்லாமல் நம்பி, தங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். என்றைக்காவது என் மேல் ஒரு பழி விழுந்தால், எனக்காக விடுமுறை நாளில் வந்து பட்டன் அமுக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்படிச் சிலராவது இருக்க வேண்டுமே என்ற ஆசையில்தான் இப்போதெல்லாம் கூட இருப்பவர்களிடம் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொள்கிறேன்.