ஆறு கம்பியும் ஒரே விறைப்பு

ஆவணி இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. ஆரணியில் என் வீட்டில் கிதாரோடு பாட நண்பர்கள் மூவர் கூடினோம். ஒருவன் ஐந்தரை பஸ்ஸில் சென்னை திரும்ப வேண்டும். அதற்குள் நாலு பாட்டாவது பாடிவிட ஆசை.

கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பட்டு நெசவாளர் ஒல்லியானவர். எந்த நூலைக் கண்டாலும் சுண்டிப் பார்ப்பார். நாங்கள் டீ போட்டுத் திரும்பியபோது கிதார் அவர் மடியில் இருந்தது.

“ஆறு கம்பியும் ஆறு தினுசா இருந்திச்சிங்க. தறியில நீட்டுக் கட்டுற பாவு நூலு இப்பிடி இருந்தா புடவையே பேஜாராயிடும். எல்லாத்தையும் ஒரே விறைப்பா முறுக்கிட்டேன்.”

மீட்டினேன். தகர டப்பா உருண்ட சத்தம் வந்தது.

“எப்பிடிங்க?” என்றார்.

“சூப்பருங்க” என்றான் சென்னைக்காரன்.

“அப்ப பாடுங்க” என்று சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். ஐந்தேகால் வரை எழவில்லை. நாலு பாட்டையும் அந்தச் சுருதியிலேயே பாடித் தீர்த்தோம்.

அவர் போனதும் கம்பிகளை விரலால் அழுத்திப் பார்த்தேன். மயிரிழை வித்தியாசமில்லை. வெறும் விரலால் எப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.