போலந்து டீச்சருக்குக் காக்காய் இறகு

என் தையல் பெட்டியில் ஊசிகளுக்கு நடுவே காக்காய் இறகுக் காம்பு ஒன்று கிடக்கிறது. நுனியைச் சாய்வாகச் சீவியிருக்கும், நகத்துண்டு அளவுதான். மருமகள் அதைக் குப்பை என்று தூக்கிப் போடும்போதெல்லாம் கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துவிடுகிறேன். அது போலந்து டீச்சருடையது.

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ் நடத்தினேன், அவர் பாட்டு நடத்தினார். விடுதியில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. தம் நாட்டில் பெரிய மேடைகளில் ஹார்ப்சிகார்ட் வாசித்தவர். பார்த்தால் பியானோ மாதிரி இருக்கும். ஆனால் பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டும், இதில் இறகுக் காம்பு தந்தியைக் கிள்ளும். கச்சேரிக்காக அதையும் கப்பலேற்றி மதராசுக்கு வந்த நேரத்தில் போலந்தில் யுத்தம் மூண்டுவிட்டது. அப்பா முன்பே காலமானவர், அம்மா வார்சாவில். ஒரு தகவலும் இல்லை. போதாக்குறைக்கு, இங்கே முதல் மழைக்காலத்திலேயே இறகுகளைப் பூச்சி அரித்து வாத்தியம் ஊமையாகிவிட்டது. மேசை விளிம்பில் சத்தமில்லாமல் விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார்.

தமிழை என்னிடம் கற்றிருந்தால் ஒழுங்காகப் பேசியிருப்பார். விடுதி ஆயாவிடம் அல்லவா கற்றார்! ஓர் அமாவாசை மதியம் மதில்மேல் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். போலந்து டீச்சர் ஓடிவந்து, கீழே விழுந்த இறகை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

"எங்க ஊர்லயும் பொட்டிக்கு இந்த ரெக்கதான் மாட்டுவாங்க டீச்சர்! நீ தெனம் சோறு போடு, நான் பொறுக்கிக்கறேன்."

"ஐயையோ, கீய போடும்மா! காக்கா ரெக்கைய ஊட்டுக்குள்ள கொண்டாந்தா ஆவாது!" என்று ஆயா அலறினாள்.

அவர் கேட்டால்தானே! சேர்த்துச் சேர்த்து, சீவிச் சீவிப் பொருத்தினார். அதற்குள் வெள்ளைக்காரம்மா பில்லிசூனியம் வைக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு மாணவியின் அப்பா வந்துவிட்டார். நிலபுலன் உள்ளவர், ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. "எம் பொண்ண இட்டுக்கினு பூடறேன். இந்தம்மா கீற வரிக்கும் எவன் பொண்ணும் இங்க வராது" என்று கத்தினார். தலைமை ஆசிரியை கையைப் பிசைந்தார். டீச்சரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. போனால் எங்கே போவார், பாவம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஐயா, அந்த ரெக்கை என்ன செய்யுதுன்னு கேட்டுட்டுப் போங்க" என்று அவரை உள்ளே அழைத்துப் போனேன்.

டீச்சர் வாசித்தார். நடுவில் ஓர் இறகு சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பொடிப்பொடியாக, பளிச்சென்று விழுந்தது நாதம். முடித்தபோது அந்த மனிதர் வாத்தியத்தின் மரப்பெட்டிமேல் கை வைத்திருந்தார்.

"காக்கா ரெக்கையா இப்டி பாடுது?" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "எங்க நைனாவுக்கு தெனம் சோறு வெக்கறேன். அவரே வந்து பேசுனா மாரி கீதும்மா."

மறுநாள் அவர் மகள் பாவாடை மடியில் இறகுகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அந்த வருஷமே மதராசில் டீச்சர் மறுபடி மேடையேறினார். முன்வரிசையில் ஆயா உட்கார்ந்திருந்தாள், தலை நிறையப் பூவோடு.

அடுத்து வந்த அமாவாசைக்கு டீச்சரும் மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்தார். "இது அப்பாவுக்கு."

"அம்மாவுக்கு வெக்கலியா?" என்றாள் ஆயா.

"அம்மா கீறாங்க," என்றார் டீச்சர் கண்டிப்பாக. "எங்கியோ கீறாங்க."

யுத்தம் முடிந்ததும் அம்மாவைத் தேடிக் கப்பலேறினார். போகும்போது இந்தக் காம்பை என் கையில் வைத்து மூடினார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது மொட்டைமாடிச் சுவரில் என் பெற்றோருக்கு, கணவருக்கு, ஆயாவுக்கு என்று தனித்தனியாகச் சோறு வைக்கிறேன். கீழே பூந்தமல்லி பஸ்களின் இரைச்சல். காக்காய்கள் அதற்கெல்லாம் அசருவதில்லை. "உங்க போலந்து டீச்சருக்கு வைக்கலையா அத்தை?" என்று மருமகள் கேட்கிறாள். வயதைக் கணக்குப் பார்த்தால் நூறை நெருங்கியிருக்கும். இருக்கட்டுமே.

"அவங்க கீறாங்க" என்கிறேன், நாற்பது வருஷம் தமிழ் நடத்திய நான்.