ஏர்ஹாரன் பெட்டி

எங்கள் சமையலறை ஜன்னலோரம் இருந்த தேனீப்பெட்டி அத்தனை சாது. வெறுங்கையால் தேனடையைத் தூக்கினாலும் ஒரு ஈ முறைக்காது. கிணற்றடிப் பெட்டியோ, பக்கத்தில் போனாலே இரைந்துகொண்டு மூஞ்சிக்கு வரும். லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் அதற்கு ‘ஏர்ஹாரன் பெட்டி’ என்று பேர் வைத்திருந்தார். யாராவது கேட்டால் தூக்கிக் கொடுத்துவிடுவேன் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் மல்லசமுத்திரம் பக்கம் ஒவ்வொரு தோட்டமாகத் தேனீப்பெட்டிகள் காலியாயின. என் ஜன்னல் பெட்டியிலும் தேனீயின் குஞ்சுப்புழுக்கள் தண்ணீர்ப்பை மாதிரி ஊதிச் செத்துக் கிடந்தன. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்து, செத்த புழுக்களைச் சின்னக் குப்பியில் எடுத்துப்போனாள். அடுத்த வாரம் அவளே திரும்பி வந்தாள்.

“வைரஸ்தானுங்க அக்கா. இதுக்கு மருந்தில்லீங்க.”

“அதைச் சொல்றதுக்கா இத்தனை தூரம் வந்தே?”

கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது. அவள் பையிலிருந்து மெல்லிய ஊசி ஒன்றை எடுத்தாள். இரண்டு பெட்டியிலும், அடையில் மூடிய அறைகளுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களில் கொஞ்சத்தைக் குத்திச் சாகவிடப் போகிறாளாம். செத்ததை எந்தப் பெட்டி ஈக்கள் மோப்பம் பிடித்து வெளியே இழுத்துப் போடுகின்றனவோ, அந்த வம்சம்தான் நோயைத் தாங்குமாம்.

“அடிப்பாவி! சாகறது பத்தாதுன்னு நீ வேற குத்தறியா?”

“நாளைக்குப் பாத்துப்போட்டுத் திட்டுங்க அக்கா.”

மறுநாள் பார்த்தோம். ஏர்ஹாரன் பெட்டியில் குத்திய அறைகள் எல்லாம் துடைத்து வைத்தாற்போல் காலி. ஜன்னல் பெட்டியில் மூடியது மூடியபடி இருந்தது. செத்ததுகளின் மேலேயே ஈக்கள் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன.

“இந்த ஜன்னல் பெட்டி ராணியக் கொன்னு எடுத்துரோணுமுங்க. கெட்ட அடைய எரிச்சுப்போட்டு, கெணத்தடிப் பெட்டியோட முட்டை அடை ஒண்ண இங்க வெச்சா, இதுகளே புது ராணிய வளத்துக்கும். உட்டா ரெண்டு பெட்டியும் போயிரும். நான் எடுக்கட்டுங்களா?”

“நீ தள்ளு சாமி.”

மழைக்காலம் பூராவும் சர்க்கரைப்பாகு வைத்துக் காப்பாற்றியவள் நான். இன்னொருத்தி கையில் எப்படிக் கொடுப்பேன்? ராணியை இரண்டு விரலால் நசுக்கினேன். அப்போதுகூட ஒரு ஈ கொட்டவில்லை. என் கைமேல் ஏறி நடந்தன. கொட்டித் தொலைத்திருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தேம்பித் தேம்பி அழுதேன். அந்தப் பெண்ணும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடையை மாற்றி வைத்தாள்.

இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். புது ராணி முட்டையிட்டு, ஜன்னல் பெட்டி அதன் ஈக்களால் நிறைந்திருந்தது. ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சுரீர் என்று புறங்கையில் ஒரு கொட்டு.

“ஐயோ!” என்று கத்தினேன். வீட்டுக்காரர் ஓடிவந்து கொடுக்கை எடுக்கப் பார்த்தார்.

“இருங்க,” என்றேன். “கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”