கடப்பாக்கம் போகவேண்டிய கார்

மாமா அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, தெருவில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முன்பக்கம் சாதாரணக் கார்தான். பின்பக்கம் மட்டும் முடியவேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போனது. நிறம் வேறு வெள்ளை. செங்கல்பட்டில் அந்த மாதிரி வண்டியில் போகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போவார்கள். "எஸ்டேட் காருங்க, சாமான் ஏத்த டிக்கி நீளம். டர்போ வண்டி" என்றார் மாமா. எதிர்வீட்டுக்காரர் சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமா என் அக்காவின் கணவர். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அவர் கையால் தொட்டு, சரி என்று அனுப்பிய டர்போ பாகங்கள் எந்தெந்த ஊரிலோ பறந்துகொண்டிருந்தன. அவர் மட்டும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய், உட்கார்ந்தே திரும்பினார். ஆனால் கார் வாங்கியது அந்த ஏக்கத்தில் அல்ல. மாடிப்படியில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அக்காவால் உட்கார முடியாது. எங்கே போனாலும் படுத்தபடிதான் போகவேண்டும். ஆம்புலன்ஸ் என்றாலே அவளுக்கு ஆகாது. "அதுல ஏத்தினா ஆஸ்பத்திரிக்குத்தான் இட்டுனு போவீங்க. வேற எங்கியாச்சும் போறதுன்னா சொல்லு, வரேன்" என்பாள். விழுவதற்கு முன்னால் கடப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலையில் இருந்தவள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் கடலோரம் போய் நிற்பாளாம். அந்தக் கடலை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் எங்களிடம் கேட்டது. பின் சீட்டை மடக்கிப் போட்டு மெத்தை விரித்தால் ஆறடி ஆள் படுக்கலாம் என்று யாரோ சொல்லித்தான் மாமா அந்தப் பழைய காரைத் தேடிப் பிடித்தார்.

வாங்கின வாரமே போயிருக்கலாம். போகவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது என்றார். டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் விரிசல்; வெறும் குழாயை மாற்றினாலே பாதி பலம் திரும்பிவிடும் என்றார். திரும்பியது. அடுத்து கழுவிக் கழுவிப் போடும் ஏர் ஃபில்டர். அடுத்து ஒரு பையன் லேப்டாப்போடு வந்து, இன்ஜினுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் கணக்கையே மாற்றி எழுதிவிட்டுப் போனான். "அதுக்குத் தல சுத்தாதா?" என்று அக்கா படுக்கையிலிருந்தே கேட்டாள். பிறகு பிரேக், பிறகு டயர். எல்லாமே சல்லிசாக, உடைத்துப் போட்ட வண்டிகளிலிருந்து கழற்றியவை. வீட்டுக்கு ஜெபம் பண்ண வரும் பாஸ்டர் கடைசியில் காரையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். அக்காவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

இந்த வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், மாமல்லபுரத்துக்கு வெளியே ஒரு மெக்கானிக்கிடம். காலையில் ஆராதனைக்குப் போகவேண்டிய மனிதர் ஸ்பேனரோடு கிளம்பி, பொழுது சாயும்போதுதான் திரும்புவார். வீட்டில் அக்காவும் நானும். கொஞ்ச நாள் ஒத்தாசைக்கு என்று வந்தவள் நான்; பள்ளிக்கூட ஆபீஸ் வேலையையும் செங்கல்பட்டுக்கே மாற்றிக்கொண்டு தங்கிப்போனேன். அக்கா அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொட்டுவிடலாம். கொளவாய் ஏரி நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதே மறந்துபோகும். அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், புண் வராமல் பவுடர் போட வேண்டும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்திலேயே இருக்க வேண்டும். குளிக்கும்போது கூடக் காதைத் தீட்டிக்கொண்டுதான் குளிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கழற்றிப் போட்ட செருப்பை ஓரமாகத் தள்ளினேன், மணல் கொட்டியது. கடற்கரை மணல். அக்கா கடல் பார்க்க வாங்கின கார். பார்த்துவிட்டு வருவது இவர் மட்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செருப்பாலேயே இரண்டு போட்டிருப்பேன், மாமாவாகப் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து வளைவுகளில் வண்டி சாய்கிறது என்று கெட்டியான குட்டை ஸ்பிரிங் மாட்டிக்கொண்டு வந்தார். கார் நான்கு விரற்கடை இறங்கி, பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் தரம் பார்க்கிறவர் சோதிக்காமல் எதையும் விடமாட்டாரே, என்னை மெத்தையில் படுக்கச் சொன்னார். "நீயும் ஒங்கக்கா வெயிட்டுதாம்மா. சும்மா படு, திருக்கழுக்குன்றம் ரோட்ல ஒரு ரவுண்டு" என்றார். அந்த வழியில் ஒவ்வொரு ஊர்க்காரரும் விபத்துக்கு ஒன்றாகத் தாங்களே சிமெண்ட் குழைத்து வேகத்தடை போட்டிருப்பார்கள். எதற்கும் அளவு கிடையாது. முதல் தடையிலேயே வண்டியின் அடிவயிறு உரசியது. அடுத்ததில் நான் மெத்தையிலிருந்து எழும்பி விழுந்தேன். ஆனால் என்னைப் பயமுறுத்தியது அது அல்ல. படுத்தபடி பார்த்தால் வானமும் கரண்டுக் கம்பியும்தான். எங்கே போகிறோம், அடுத்த அடி எப்போது விழும், எதுவும் தெரியவில்லை. ஓட்டுகிறவர் தலையின் பின்பக்கத்தை நம்பிக் கிடக்கவேண்டியதுதான். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நான் இறங்கி நடந்துகொண்டேன், என்னால் முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா மாமா, அவ இருக்கசொல்லவே காட்டுவீங்களா, இல்ல அந்த வண்டி எதுக்குத் தோதோ அதுக்குத்தான் வெச்சிகினு கீறீங்களா?" பேசக்கூடாத பேச்சு. அக்காதான் உள்ளேயிருந்து அதட்டினாள். "வுடுடி. வண்டில ஏதோ ஒரு வேல பாக்கி இருந்தா இருந்துட்டுப் போவுது." எனக்கு அவள்மீதும் கோபம் வந்தது. யாருக்காகச் சண்டை போடுகிறேனோ அவளே காலை வாருகிறாளே என்று.

பழைய ஸ்பிரிங்கை மறுபடி மாட்டிக்கொண்டு வந்து, வார நாளில் லீவு போட்டு, மாமா எங்களை அழைத்துப் போனார். மாட்டுவண்டி கூட முந்திவிடும் வேகம். ஒவ்வொரு தடைக்கும் முன்னால், "தட வருது" என்று சத்தமாகச் சொல்வார். அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள். கல்பாக்கம் தாண்டி, பாலாற்றுப் பாலத்துக்கு அப்பால் கிழக்குக் கடற்கரைச் சாலை காலியாகக் கிடந்தது. "யோவ், இத்தினி நாளா இன்னாவோ பண்ணியே, அத்தக் காட்டு" என்றாள் அக்கா. மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு மூச்சு தாமதித்து, பிறகு எங்கள் மூன்று பேரையும் அள்ளிக்கொண்டு போனது. அக்கா சிரித்தாள். விழுந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமலே.

கடப்பாக்கத்தில் படகுகள் நிற்கும் இடத்தில் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி, பின்கதவை மேலே தூக்கினார். தலைக்குத் தலையணைகளை அடுக்கினேன். அவள் கால்களுக்கு அப்பால் முழுக் கடலும் தெரிந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். மீன் வாங்கச் சொன்னாள். அவள் கடலைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். தண்ணீரோரம் தனியாகப் போய் நின்றவர் திரும்பவே இல்லை. கிளம்பலாம் என்று நான் போய்க் கூப்பிட்டபோது அவர் முகம் லீவு முடிந்தவனின் முகமாக இருந்தது. அவள் கேட்டது நடந்துவிட்டது. கார் தயார். இனி அதில் செய்ய ஒன்றும் இல்லை.

திரும்பும் வழியில், திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது அக்கா சொன்னாள்: "பின்னாடி பிரேக்காண்ட ஏதோ கிறீச்சுங்குது. வர ஞாயித்துக்கெழம காட்டிட்டு வந்துடுய்யா." நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அப்பிடியா?" என்றார் மாமா. இறுகிக் கிடந்த அவர் தோள்கள் தளர்வது பின்னாலிருந்தே தெரிந்தது.

போன வருடம் மாமா கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மாரடைப்பு. காரை ஓட்ட ஆள் இல்லை, விற்றுவிட்டோம். இப்போது நானும் அக்காவும்தான். அதே அறை, அதே சுவர். ஆபீஸ் நேரத்துக்கு மட்டும் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். மருந்துக் கடைக்குப் போனால் வேண்டுமென்றே சுற்றுவழியில் வருகிறேன். வந்து கதவைத் திறக்கும்போது மனசு கனக்கிறது. செருப்பில் மணலோடு வந்து நின்ற மனிதரை இப்போது புரிகிறது. ஆனாலும் என்னை மெத்தையில் போட்டு உருட்டியதற்கு மன்னிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் புரட்டிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு அம்மா வாசலில் வந்து நின்றார். அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல்.

"ஏய், ஒன் ஸ்கூட்டி சத்தமே செரியில்லடி. காலையில கேட்டுகினே இருந்தேன்" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடி. "மாமல்லபுரத்துல அந்த மெக்கானிக்காண்ட காட்டிட்டு வா. அவசரம் ஒண்ணுமில்ல, சாய்ங்காலமா வந்தாப் போதும்."

அன்று காலையில் நான் ஸ்கூட்டியை எடுக்கவே இல்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.